எம் பேர வாசிக்காத, தம்பி

எங்கள் சபையில் காணிக்கைப் பட்டியலை வாசிக்கிறவன் நான். ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில், ஐயர் ஆசீர்வாதம் கூறுவதற்குச் சற்று முன்பு, மைக் என் கைக்கு வரும். (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை இன்னார் 500, திருமண நாள் இன்னார் 1,000, மகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்ததற்காக இன்னார் 25,000. சாதாரண ஞாயிறு என்றால் 10 நிமிடம். அறுப்பின் பண்டிகை வாரம் என்றால் 25 நிமிடத்தைத் தாண்டும். பிரசங்கம் அவ்வளவு நீண்டால் ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். என் பட்டியலுக்கு யாரும் பார்த்ததில்லை. அவரவர் பெயர் வரும்வரை காத்திருப்பார்கள். அடுத்த வீட்டுக்காரன் எவ்வளவு போட்டான் என்றும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பணம் எண்ணிக்கொண்டிருந்த மேசைக்கு ஒரு பெரியம்மா வந்தார். 80 வயதிருக்கும். தேரிக்காட்டு ஓரத்தில் வீடு. இன்றும் ஓலைப் பெட்டி முடைகிறவர். வாரம் தவறாமல் கவரில் 20 ரூபாய் போடுவார்.

“ஏ தம்பி, இனிமே எம் பேர வாசிக்காத.”

“ஏன் பெரியம்மா? எதும் தப்பா வாசிச்சிட்டனா?”

“அதெல்லாம் இல்ல. மெட்ராஸ்ல இருந்து மவன் போன்ல பாக்கான். நான் அனுப்புத காச நீ கோயில்ல கொண்டு போடுதியான்னு ஏசுதான்.”

கொரோனா காலத்தில் கோயிலைப் பூட்டியபோது தொடங்கிய யூடியூப் நேரலை, பூட்டைத் திறந்த பிறகும் நிற்கவில்லை. அதன் வழியாக என் பட்டியல் இப்போது சென்னை, துபாய், டொரன்டோ வரை போகிறது. பெரியம்மா வந்து நின்றவுடன், 20 ரூபாய் என்பதால் கூச்சப்படுகிறார் என்றே நினைத்தேன். தொகை சின்னது என்றால் ஆளுக்கு வெட்கம் இருக்கும் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். 31 வருஷம் பேங்க்கில் உட்கார்ந்திருந்தவன் புத்தி வேறு எப்படிப் போகும்? அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மகனுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு போன். 10,000 ரூபாய் அனுப்பியவர். பெயரைச் சரியாக வாசித்தேன், இனிஷியலை விட்டுவிட்டேன். “அதே பேர்ல நம்ம சபையில இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க அண்ணாச்சி, யாருன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அடுத்த ஞாயிறு இனிஷியலோடு மறுபடி வாசித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. ஒரு வருஷமாகச் சபைக் கமிட்டியில் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே எழுதுகிறேன்: கோயில்களில் காணிக்கைப் பெயரையும் தொகையையும் வாசிப்பதை நிறுத்த வேண்டும். சுவரிலும் விசிறியிலும் பெயர் எழுதுவதையும் சேர்த்துத்தான்.

இயேசு மலைப்பிரசங்கத்தில் பூமியில் செல்வம் சேர்க்காதே, பரலோகத்தில் சேர் என்று சொன்னது கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்த செய்தி. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பூச்சி அரிப்பதும் துருப்பிடிப்பதும் திருடன் கன்னம் வைப்பதும் அந்த இடத்தில்தான் வரும். நாங்கள் அதை வைத்து ஆயிரம் பிரசங்கம் கேட்டுவிட்டோம். ஆனால் அதே அதிகாரம் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். தானம் செய்கிறவன் தனக்கு முன்னால் எக்காளம் ஊதவிடக் கூடாது. ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியக் கூடாது. அப்படி ஊதவிட்டவன் தனக்குரிய பலனை அப்போதே வாங்கிக்கொண்டான் என்கிறார். செல்வம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. என் கணக்குப் புத்திக்கு இது ரொம்பத் தெளிவாகவே படுகிறது. மைக்கில் வாசித்தாகிவிட்டது என்றால் பட்டுவாடா முடிந்தது. பரலோகத்து லெட்ஜரில் வரவு வைக்க மிச்சம் ஒன்றும் இல்லை. வாராவாரம் அந்த எக்காளத்தை ஊதுகிறவன் நான்.

பூமியில் சேர்க்கிற செல்வத்தையும் கிட்டத்தில் பார்த்தவன்தான் நான். பேங்க்கில் என் பெரும்பகுதிக் காலம் நகைக்கடன் கவுண்டரில் போனது. பக்கத்து நாற்காலியில் அப்ரைசர் ஆசாரி. உரைகல்லில் ஒரு இழுப்பு, ஒரு சொட்டு திராவகம், முகத்தைப் பார்க்காமலே ‘22 இருக்கு’ என்பார். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடை போடுவோம். அப்போது மதிப்பில் முக்கால் பங்குதான் கடன். எங்கள் ஊர்ப் பக்கம் நகை போடாத விசுவாசிகள் நிறைய உண்டு. காதில் கழுத்தில் ஒரு பொட்டு இராது. ஒருநாள் ஆசாரி பெட்டகத்தைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “சார், உங்க ஆளுவ நகை போடமாட்டாவன்னாவ. இங்க இருக்குறதுல பாதி அவுகளுதுதான்.” பாதி என்பது ஆசாரியின் மிகை. ஆனால் பொய்யில்லை. கழுத்தில் இல்லாத நகை கல்யாணப் பேச்சில் இருக்கும். 50 பவுனா 100 பவுனா என்று ஜெபத்தோடு தொடங்கிப் பேசி, ஜெபத்தோடு முடிப்பார்கள்.

அதற்காக, தங்கத்தைத் திட்டுகிற கட்டுரை இது என்று நினைத்துவிட வேண்டாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கள் கவுண்டரில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவனுக்குத் தங்கத்தைத் திட்ட வாய் வராது. பீஸ் கட்ட ஒரு சங்கிலி, மாமனாருக்கு நெஞ்சுவலி என்று இரண்டு வளையல், உப்பளத்தில் மழை விழுந்து வேலை போன மாதங்களில் தாலிச்சரடு. ஏழை வீட்டில் 2 பவுன் என்பது இன்சூரன்ஸ். பல வீடுகளில் இருக்கிற ஒரே இன்சூரன்ஸ். செல்வம் மாயை, நகை மாயை என்று முழங்குகிற பிரசங்கியாருக்கு அந்தக் கவுண்டரில் ஒருநாள் நாற்காலி போட்டுக் கொடுக்கலாம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசு சொன்ன கதையில், கடவுள் மதிகேடன் என்று அழைக்கும் ஆள் 2 பவுன் வைத்திருந்தவன் அல்ல. இருக்கிற களஞ்சியங்கள் போதாது என்று இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன். அந்த ராத்திரியே அவன் உயிர் போகும் என்று கதை முடிகிறது. கதை முழுக்க அவன் தனக்குத் தானேதான் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விளைச்சலைப் பற்றி மனைவியிடமோ வேலைக்காரனிடமோ ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அந்தக் கதையில் பயமாக இருப்பது அந்த இடம்தான்.

இன்னொரு வகைப் பிரசங்கம் உண்டு. டிவியைத் திறந்தால் வருகிறது: விதைக் காணிக்கை. 1,000 ரூபாய் விதை, நூறு மடங்கு அறுப்பு. அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலிருந்து ஓரல் ராபர்ட்ஸ் பிரபலப்படுத்திய சரக்கு அது. இங்கே வந்து தமிழ் பேசுகிறது. நூறு மடங்கு என்றால் 9,900 சதவீத வட்டி. இப்படி வட்டி தருவதாக ஒரு பைனான்ஸ் கம்பெனி விளம்பரம் செய்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவு வந்து கதவைத் தட்டும். மாற்கு சுவிசேஷத்தில் நூறத்தனை என்று இயேசு சொன்ன இடத்தில் வீடுகளும் நிலங்களும் வருகின்றன, உண்மைதான். அதே வரிசையில் துன்புறுத்தலும் வருகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் டிவியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர்களைக் கேலி செய்துவிட்டு நாங்கள் நழுவிவிட முடியாது. ‘கொடுத்தேன், கனடா வேலை கிடைத்தது’ என்று நான் மைக்கில் வாசிக்கும்போது, வேலை கிடைக்காத பையன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

என் சின்ன வயதில் பட்டியல் இவ்வளவு நீளமில்லை. காரணம், பணமே அவ்வளவு இல்லை. அம்மா உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த ஓலைப் பெட்டியில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. சபையில் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தது. (காஞ்சிப் பெரியவரும் ஒரு பிடியரிசித் திட்டம் நடத்தினார். அடுப்பங்கரையில் மதம் பெரிதாக வேறுபடுவதில்லை.) வீட்டில் அரிசி குறைந்த நாளில் அம்மாவின் பிடியும் சின்னதாகும், ஆனால் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிறு அன்று கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சை, கார், ரேஷன் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்த அரிசி ஒன்றுபோல வேகாது. ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். அதனால் அதற்கு விலை குறைவு. இட்லிக்கடைக்காரர்தான் வழக்கமாக வாங்குவார். விலை குறைவாகப் போகிறதே என்று யாரோ ஒருவர், வீட்டுக்கு வீடு ரகம் பிரித்துத் தனித்தனிப் பையில் கொண்டுவரச் சொன்னாராம். பெண்கள் கேட்கவில்லை. கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று சொல்லவே முடியாது. அரைப் பெட்டி கொண்டுவந்தவளும் கால் பெட்டி கொண்டுவந்தவளும் ஒரே சாக்கைத்தான் பார்த்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அந்தச் சாக்கும் சில்லறையும் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு எங்கள் ஜில்லாவில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வி. எஸ். அசரியா, கிராமத்துப் போதகரின் மகன். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அவரும் கூட்டாளிகளும் வைத்த நிபந்தனை, வேலைக்குப் போகிற ஆளும் இந்தியன், செலவழிக்கிற பணமும் இந்தியப் பணம் என்பது. அன்றைய திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலானவை பனையை நம்பிப் பிழைத்தவை. பனையேறி நெஞ்சுக் காய்ப்போடு இறக்கிய பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியின் பணம்தான் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. 1909இல் அசரியாவே அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியவர் அவர். அசரியாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரை அனுப்பிய கருப்பட்டிக்காரர்கள் யார் யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

கல் என்றதும் டோனாவூர் ஞாபகம் வருகிறது. களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்து ஊர். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அந்தக் குடியிருப்புக்குப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். ஒரு நன்கொடையாளருக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு கிடைக்குமா? ஊரே அவர் பெயர். இன்று பஸ்ஸில் ‘டோனாவூர் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறவரிடம் டோனா யார் என்று கேட்டுப் பாருங்கள். அதே ஊருக்கு 1901இல் வந்து சேர்ந்தவர் ஏமி கார்மைக்கேல். கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்து, 1951இல் இறக்கும்வரை ஒரு தடவைகூடத் தன் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாங்கள் அவரை அழைத்த ஒரே சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். இந்துக் கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று இளவயதில் நாங்கள் கேலி பேசியதுண்டு. எங்கள் ஆலயத்தில் பெண்கள் பக்கம் நான்காவது மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அவர் இறந்த வருஷம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்; எழுதக் கொடுத்தவனும் நான்தான். அந்த விசிறி ஓடாமல் போய் 6 வருஷம் ஆகிறது. மூன்று கமிட்டி மாறிவிட்டது. ஒருவரும் அதைக் கழற்றவில்லை. ஏன் என்று விசாரித்தேன். “குடும்பத்தார் வருத்தப்படுவாங்கல்லா” என்றார்கள். குடும்பத்தார் என்பது நான். 6 வருஷமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் என் அப்பாவின் பெயரைப் பார்த்துக்கொண்டே வியர்த்திருக்கிறார்கள்.

கமிட்டியில் என் யோசனைக்கு வந்த எதிர்ப்பில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது கணக்கு. பெயரும் தொகையும் வாசித்தால்தான் பணம் ஒழுங்காகச் சேர்ந்தது என்று கொடுத்தவருக்குத் தெரியும். இல்லையென்றால் நடுவில் யாராவது சாப்பிட்டுவிடுவார்கள் என்றார்கள். பேங்க்காரனிடமே இதைச் சொல்கிறார்கள்! கொடுத்தவருக்கு ரசீது கொடு. மாத வரவு மொத்தத்தையும் செலவையும் வவுச்சரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டு. வருஷத்துக்கு ஒருமுறை வெளி ஆடிட்டரை வைத்துத் தணிக்கை செய். வரவை மட்டும் மைக்கில் வாசித்து, செலவைப் பீரோவில் பூட்டி வைப்பதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை என்றால் எனக்கு அது புரியவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு கெட்டிக்காரத்தனமானது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். “ஆண்டவரே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் எவ்வளவு போடுதாங்கன்னு பார்த்தாரே? அந்த விதவை ரெண்டு காசு போட்டதைச் சீஷர்களைக் கூப்பிட்டுச் சொன்னாரே? நாம வாசிச்சா மட்டும் தப்பா?” கூட்டம் சிரித்தது. எனக்கு அன்று பதில் வரவில்லை. ராத்திரி மாற்கு 12ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பார்த்தார், சொன்னார், எல்லாம் சரி. அவள் பெயர் எங்கே? அவள் யார், எந்த ஊர், யார் மகள், ஒன்றும் இல்லை. சீஷர்களைத்தான் கூப்பிட்டார், அவளைக் கூப்பிடவில்லை. தன்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சு நடந்தது தெரியாமலே அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். அதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளை விழுங்குகிற மதத்தலைவர்களை அவர் கண்டித்திருந்தார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைமையாசிரியர், “யோசிக்கலாம்” என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

பெயர் வாசிக்காவிட்டால் வசூல் குறையும் என்றும் சொன்னார்கள். குறையும்தான். நான் மறுக்கவில்லை. சபைத் தேர்தல் வருகிற வருஷம் காணிக்கை ஏறுவதையும் அடுத்த வருஷம் இறங்குவதையும் புத்தகத்தில் பார்த்தவன் நான். குறைகிற தொகை எவ்வளவோ, அவ்வளவும் இதுவரை காணிக்கை என்ற தலைப்பில் எழுதப்பட்ட விளம்பரக் கட்டணம். எந்த மாதம் கூரை ஒழுகுகிறதோ அந்த மாதம் இந்தப் பேச்சு கசக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை மட்டும் தொட வேண்டாம் என்பது என் கட்சி. நண்பர்கள் இதில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். போன தடவை ஒரு முருங்கைக்காய்க் கட்டு 3,000 ரூபாய்க்குப் போனது. அங்கேயும் பெருமை இருக்கிறது, போட்டி இருக்கிறது, மச்சினனை மாட்டிவிட விலையை ஏற்றிவிட்டு ஒதுங்குகிற சேட்டை இருக்கிறது. ஆனால் அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முருங்கையைக் கொண்டுவந்த வீட்டுப் பிள்ளை தன் வீட்டுக் காய்க்கு ஊரே அடித்துக்கொள்வதை வாய் பிளந்து பார்க்கிறது. வாங்கினவரே பாதிக் காயை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே விதியில் அடைக்க வேண்டியதில்லை.

தீர்மானம் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை வாசிக்கத்தான் வேண்டும் என்றார்கள். வாசிக்கிறேன். விசிறிக்கு யாருடைய தீர்மானமும் தேவையில்லை என்பதால், எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் நானே கழற்றிவிட்டேன். புது விசிறி ஒன்று மாட்டியிருக்கிறது. இறக்கையில் கம்பெனி பெயர்கூட இல்லை, ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். அது கொஞ்சம் அதிகம் என்று என் மனைவி சொன்னாள்.

பெரியம்மா இப்போது கவர் போடுவதில்லை. காணிக்கைப் பை வரும்போது நேராகப் பையில் போட்டுவிடுகிறார். போன ஞாயிறு பையைக் கவிழ்த்தோம். நோட்டும் சில்லறையும் மேசையில் பரவின. அதில் ஒரு 20 ரூபாய் நோட்டு எட்டாக மடித்து, புளியங்கொட்டை அளவுக்கு இறுகிக் கிடந்தது. முந்தியில் முடிச்சுப் போட்டு வைத்த நோட்டு அப்படித்தான் இருக்கும்; கவுண்டரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிரித்து, மேசை விளிம்பில் வைத்து நீவி, 20 ரூபாய்க் கட்டில் சேர்த்தேன். பக்கத்தில் இருந்த தம்பி, “எத்தனை அண்ணாச்சி?” என்றான். “நாப்பத்தி மூணு” என்றேன். எழுதிக்கொண்டான்.